ஒட்டு வில் செய்யும்போது அடுக்கை எண்ணாதீர்கள், கனத்தை அளவெடுங்கள்

வீட்டில் சின்னப் பட்டறை இருக்கிறது, டேபிள் சாவும் ஜிக்சாவும் இருக்கின்றன, மரப் பட்டைகளை ஒட்டி 40 பவுண்டு வில் ஒன்று, அதாவது முழுசாக இழுக்க 40 பவுண்டு பலம் கேட்கும் வில், செய்ய ஆசை, எத்தனை அடுக்கு வைத்தால் உடையாது, வெள்ளைப் பசை போதுமா, பிளைவுட்டைக் கிழித்துப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது அடுக்கையும் பசையையும் பற்றித்தான். ஆனால் முழுசாக இழுத்துப் பிடித்திருக்கும்போது முகத்துக்கு நேரே தெறித்துவிடுமோ என்பதுதான் உள்ளே இருக்கும் கவலை என்று எனக்குப் படுகிறது. அந்தக் கவலைக்கே பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும். நான் கோவைப் பக்கம் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மர மாதிரி, செய்பவன். பதினான்கு வருடமாக ஓய்வு நேரத்தில் வில் செய்கிறேன். முப்பதுக்கு மேல் செய்திருப்பேன், ஏழு உடைந்திருக்கின்றன. எல்லாமே மரமும் மூங்கிலும்தான். ஃபைபர் கிளாஸ் ஒட்டிய வில் நான் செய்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் ஒட்டுவதால் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். நாலு மில்லிமீட்டர் கனத்தில் ஒரே மரத்தில் மூன்று பட்டை எடுத்து, ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளையுங்கள். ஒரு பட்டையை வளைப்பதைவிட மூன்று மடங்கு பலம் தேவைப்படும், அவ்வளவுதான். அதே மூன்றையும் பசை போட்டு ஒட்டிய பிறகு வளைத்தால் இருபத்தேழு மடங்கு. ஒட்டாமல் இருந்தபோது வளைகையில் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டிருந்தன, பசை அந்த வழுக்கலை நிறுத்திவிட்டது. இப்போது அது பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே மரம். விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏறும், அகலத்துக்கு நேர் விகிதத்தில் மட்டுமே ஏறும். இதில் சந்தேகம் எதுவும் கிடையாது, எந்த மரமானாலும் இதுதான் கணக்கு. கனத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் வில்லின் பலம் முப்பத்து மூன்று சதவீதம் கூடிவிடும். ஒரு மில்லிமீட்டர் கவனக்குறைவு 40 பவுண்டு வில்லை 50 ஆக்கிவிடும் என்பது இதனால்தான். பன்னிரண்டு மில்லிமீட்டர் மொத்தக் கனம் என்றால் அதை மூன்று அடுக்கில் கொண்டுவந்தாலும் ஆறு அடுக்கில் கொண்டுவந்தாலும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றேதான். ஆறு அடுக்கு வைத்தால் கூடுதலாகக் கிடைப்பது பசை எடையும் பசை வேலையும்தான், உறுதி இல்லை. ஆக உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் மூன்று அடுக்கு போதும் என்பது.

அப்படியானால் ஒரே கட்டையில் செதுக்காமல் ஏன் ஒட்ட வேண்டும்? இரண்டு காரணம். வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம், அதை முதுகு என்போம், நீள்கிறது. உங்களைப் பார்க்கும் பக்கம், வயிறு, நசுங்குகிறது. நீள்வதைத் தாங்கும் பொருளை முதுகிலும் நசுங்குவதைத் தாங்கும் பொருளை வயிற்றிலும் வைக்க ஒட்டுதல் வழி கொடுக்கிறது. இது புதுசு கிடையாது. வட ஐரோப்பாவில் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களும் அவர்களுக்கு அக்கம்பக்கத்தவர்களும் முதுகுக்கு பிர்ச், வயிற்றுக்குச் சாய்ந்து வளர்ந்த மரத்தின் அடிப்பக்கத்தில் இறுகிக் கெட்டியான பைன் என்று இரண்டு மரத்தை மீன் பசையால் ஒட்டி வில் செய்திருக்கிறார்கள். ஜப்பானின் யூமி வில்லில் முதுகும் வயிறும் மூங்கில், நடுவில் மரமும் மூங்கிலும் கலந்த அடுக்கு. பசை போட்டதும் கயிற்றால் இறுகச் சுற்றி, கயிற்றுக்கு அடியில் வரிசையாக மூங்கில் ஆப்புகளை அடித்து இறுக்கத்தையும் வளைவையும் ஒரே நேரத்தில் கொண்டுவருகிறார்கள். இரண்டாவது காரணம் அந்த வளைவுதான். மெல்லிய பட்டைகளை அச்சின்மேல் வளைத்து ஒட்டினால், நாண் பூட்டாத நிலையிலேயே நுனிகள் இலக்குப் பக்கம் சாய்ந்த வில் கிடைக்கும். நாண் பூட்டும்போதே விசை ஏறிவிடுவதால், அதே பலத்தில் அம்பு கொஞ்சம் வேகமாகப் போகும்.

பிளைவுட் வேண்டவே வேண்டாம். அதில் ஒன்று விட்டு ஒரு அடுக்கு குறுக்கு நாரில் இருக்கிறது. குறுக்கு நார் நீள்வதற்கு எதிராக எந்த உதவியும் செய்யாது, முதல் ஆளாகப் பிளக்கும். பிளைவுட்டை அச்சு செய்ய வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அருமையான பொருள்.

மரத்துக்கு வருகிறேன். முதுகுக்கு நம் ஊரில் மூங்கிலை மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை, இதை உறுதியாகச் சொல்வேன். மூங்கிலின் வலுவான நார் எல்லாம் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது, உள்ளே போகப் போகக் குறைகிறது. அதனால் இழைப்பது முழுக்க உள்பக்கத்தில்தான். வெளிப்பக்கம் மேலே உள்ள பளபளப்பை மட்டும் சுரண்டலாம், கணுவைத் தட்டையாக்க ஆசைப்படக் கூடாது, அங்கே நாரை அறுத்தால் அங்கேயே சிராய் கிளம்பும். மூன்று வயதாவது ஆன, விட்டம் பெரிய மூங்கில் தேடுங்கள். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கிலில் 35 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பட்டை எடுத்தால், வளைந்த முதுகால் நடுவுக்கும் ஓரத்துக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஓரம் ஒரு மில்லிமீட்டர் இருக்கும்படி உள்பக்கத்தைச் சமதளமாக இழைத்தால் நடுவில் நாலு வரும். அதுதான் சரியான அளவு. இன்னும் தடிமனாக விட்டால் பலம் கூடும் என்று தோன்றும். ஆனால் முதுகு அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் வயிற்று மரம் தோற்றுப்போகும், குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும், ஒருநாள் அந்தக் கோட்டிலேயே மடங்கும். மூங்கிலில் மாவுச்சத்து இருப்பதால் உளுத்துப்போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் காய வைத்த மூங்கில் கிடைத்தால் நல்லது.

வயிற்று மரத்தில்தான் ஆளாளுக்கு ஒரு கருத்து. நான் அதிகம் பயன்படுத்தியது தடசு, வட இந்தியாவில் தாமன் என்பார்கள். கோடரிக் காம்புக்குப் பெயர் போன மரம், வளைந்து கொடுத்துத் திரும்பி வரும். கடைகளில் இறக்குமதி ஆஷ் மரம் கிடைக்கிறது, நேர் நாராக இருந்தால் அதுவும் நன்றாக வரும், முதல் வில்லுக்கு அதை வாங்குவது சுலபம். தேக்கை எல்லோரும் கேட்பார்கள். தேக்கில் இரண்டு வில் மட்டும் செய்திருக்கிறேன், ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்று ஆறு மாதத்தில் வயிற்றில் கோடு விட்டுவிட்டது. இரண்டை வைத்து ஒரு மரத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் முதல் வில்லுக்குத் தேக்கு எடுக்காதீர்கள். மரத்தின் பெயரைவிட முக்கியம் நார் ஓட்டம். பட்டையின் பக்கவாட்டில் பார்த்தால் ரேகைக் கோடு ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை பட்டைக்குள்ளேயே ஓட வேண்டும். நடுவிலேயே ஓரம் வழியாக வெளியேறினால் அந்தப் பட்டையைக் கைப்பிடிக் கட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண், முடிச்சு உள்ளதும் வேண்டாம். காய்ந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. பட்டையைச் சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு எழுதி வையுங்கள், ஒரு வாரம் எடை மாறவில்லை என்றால் ஊரின் ஈரப்பதத்துக்கு அது ஒத்துப்போய்விட்டது.

அளவுக்கு ஒரு தொடக்கம் தருகிறேன். 28 அங்குல இழுப்புக்கு 68 அங்குல நீளம் வையுங்கள், குட்டை வில் பார்க்க அழகு ஆனால் மன்னிக்காது. கைப்பிடியை அடுத்து அகலம் 35 மில்லிமீட்டர், பாதி லிம்ப் வரை அப்படியே போய் பிறகு நுனிக்கு 12 வரை ஒடுங்கட்டும். லிம்ப் என்பது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி. மைதானத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வதால் நானும் அதையே எழுதுகிறேன். மொத்தக் கனம் கைப்பிடி அருகே 14, நுனியில் 10 மில்லிமீட்டர். இதில் மூங்கில் நாலு, நடு அடுக்கு மூன்று, மீதி வயிறு. தடிமனான வயிற்றுப் பட்டையைக் காயவைத்து இழைத்தபடியே ஒட்டுங்கள். சரிவெல்லாம் பிறகு வயிற்றில்தான் சுரண்டப் போகிறோம், முதுகில் தொடவே போவதில்லை. நுனிக்கு எவ்வளவு முன்சாய்வு என்று கேட்டால் முதல் வில்லுக்கு மூன்று சென்டிமீட்டர் போதும். ஏழு எட்டு வைத்தால் நாண் பூட்டும்போதே லிம்ப் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடப் பார்க்கும், அதைச் சரி செய்ய அனுபவம் வேண்டும்.

அச்சுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒட்டி, வளைவை வரைந்து, ஜிக்சாவால் அறுத்து, அரத்தால் மேல்பரப்பைப் பக்கத்துக்குச் செங்குத்தாகக் கொண்டுவாருங்கள். அந்தச் செங்குத்து ஒரு டிகிரி தப்பினாலும் வில் முறுக்கிக்கொள்ளும். மேலே பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் பசை பிடிக்காது. இறுக்குவதற்கு இருபது கிளாம்ப் வாங்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் பழைய டியூப் கேளுங்கள், மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் நீள நாடாவாக வெட்டி, நடுவிலிருந்து நுனி நோக்கி இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீரான அழுத்தம் வரும், கிளாம்ப்பில் அது வராது. பசை போடாமல் ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பசையைக் கலக்க வேண்டும். பசை பூசியதும் பட்டைகள் சோப்பு மாதிரி வழுக்கும், அதனால் வெட்டி எறியப் போகும் முனைகளில் சின்ன ஆணி அடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பசை விஷயத்தில் வெள்ளைப் பசை வேண்டாம் என்பது என் முடிவு. அது ஒட்டாது என்று சொல்லவில்லை, நன்றாகவே ஒட்டும். தொடர்ந்து விசை இருக்கும்போது மெதுவாக நகரும், வெயிலில் இளகும், அதுதான் சிக்கல். நாலாவது வில்லை நான் வெள்ளைப் பசையில் ஒட்டினேன், பொள்ளாச்சி போகும் வழியில் மே மாத மதியம் காரின் பின் சீட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முன்சாய்வு பாதி காணாமல் போயிருந்தது, ஓரத்தில் அடுக்குகள் படிக்கட்டு மாதிரி நகர்ந்திருந்தன. மெதுவாக இறுகும் எப்பாக்ஸி வாங்குங்கள், ஐந்து நிமிட வகை வேண்டாம், சுற்றி முடிப்பதற்குள் இறுகிவிடும். ஒட்டும் பரப்பை நாற்பது அல்லது அறுபதாம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள், தூசியைத் துடையுங்கள், எண்ணெய்ப் பசையுள்ள மரமானால் அசிட்டோனால் துடைத்து உடனே ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் பூச வேண்டும். எப்பாக்ஸியை மட்டும் பலம்கொண்ட மட்டும் நசுக்கக் கூடாது, பசை எல்லாம் வெளியேறி இணைப்பு காய்ந்துபோகும், டியூப் இறுக்கம் அதற்குச் சரியாக இருக்கும். இருபத்து நாலு மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், ஆனால் நான் நாலு நாள் தொடுவதில்லை. சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸியும் ஐம்பது அறுபது டிகிரியில் இளகத் தொடங்கும். பூட்டிய காருக்குள் கோடையில் அந்தச் சூடு சாதாரணம், ஆகவே எந்தப் பசையானாலும் வில்லைக் காரில் விடாதீர்கள். கையுறை போடுங்கள், எப்பாக்ஸி சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொடுத்து, ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க விடாது.

பசைக் கோடு விட்டுப்போகுமோ என்ற பயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 40 பவுண்டு வில்லில் அடுக்குகளை வழுக்க வைக்கும் விசையைப் பரப்பால் வகுத்தால், நல்ல எப்பாக்ஸி தாங்கக்கூடியதில் அது சின்னப் பங்குதான். நன்றாகப் பொருந்திய இணைப்பு நடுவில் விட்டதை நான் பார்த்ததில்லை. விடுவது எல்லாம் பட்டை முடியும் இடத்தில், குறிப்பாகப் பிடிப்பதற்காக நடுவில் ஒட்டும் கைப்பிடிக் கட்டையின் இரு முனையில். அந்தக் கட்டை இருபது சென்டிமீட்டர் நீளம் என்றால் நடுவில் பத்து பிடிக்க, இரு பக்கமும் ஐந்து ஐந்து சரிவு. சரிவு முடியும் இடம் காகிதம் மாதிரி மெலிந்து மறைய வேண்டும், அதோடு அங்கே வில் வளையவே கூடாது. என் இரண்டாவது வில்லில் வளைவு அழகாக வர வேண்டும் என்று கைப்பிடி வரைக்கும் சுரண்டிவிட்டேன். இருநூறாவது அம்போ என்னவோ, டப்பென்று ஒரு சத்தம், கட்டை தனியாகக் கழன்று காலடியில் விழுந்தது. பசையைத் திட்டினேன் அன்று. உண்மையில் வளையக் கூடாத இடத்தை வளைய வைத்தது நான்தான்.

இனிதான் வில் பிறக்கும் வேலை, டில்லரிங் என்பார்கள், இரண்டு லிம்ப்பும் சீராக, சமமாக வளையும்படி வயிற்றைச் சுரண்டிக் கொண்டுவருவது. உடையுமா உடையாதா என்பது முக்கால்வாசி இங்கேதான் தீர்மானமாகிறது. காரணம் எளிது. ஒரு இடத்தில் மரத்தின் பரப்பு எவ்வளவு நீள்கிறது என்பது, அங்குள்ள கனத்தில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வரும். பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம், 75 சென்டிமீட்டர் ஆரம் என்றால் 0.8 சதவீதம். ஒரு சதவீதத்தை நெருங்கும்போது பெரும்பாலான மரங்கள் நிரந்தரமாக மடங்கத் தொடங்கும். வளைவு முழு நீளத்துக்கும் பரவினால் எங்கும் அந்த எல்லை வராது. ஒரு சாண் இடம் மட்டும் மற்றதைவிட மெலிந்துபோனால் எல்லா வளைவும் அங்கே குவிந்து, அங்கேயே போய்விடும். எத்தனை அடுக்கு வைத்தாலும் காப்பாற்றாது.

சுவரில் ஒரு தாங்கு அடித்து, அதில் கைப்பிடியை உட்கார வைத்து, நாணில் கொக்கி மாட்டிக் கயிற்றைக் கீழே ஒரு கப்பி வழியாக விட்டு, ஒதுங்கி நின்று இழுங்கள். உடைந்தாலும் துண்டு உங்கள்மேல் வராது. நடுவில் மளிகைக் கடைகளில் தொங்கும் டிஜிட்டல் தராசு ஒன்றைக் கோத்துவிட்டால் பலமும் தெரியும். சுவரில் சாக்பீஸால் படுக்கைக் கோடுகள் போட்டு ஒவ்வொரு இழுப்பையும் கைபேசியில் படம் எடுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பும் விறைப்பான இடம் படத்தில் தெரியும். எங்கே விறைப்போ அங்கே மட்டும் சுரண்ட வேண்டும், மெலிந்த இடத்தைப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தொடாமல் விட வேண்டும். இழைப்புளியை ஆரம்பத்தோடு நிறுத்திவிட்டு ஸ்கிரேப்பரோ பழைய ஆசாரிகள் மாதிரி கண்ணாடிச் சில்லோ எடுங்கள். ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் முப்பது தடவை மெதுவாக இழுத்து விட்டால்தான் மாற்றம் வெளியே தெரியும். அப்புறம் முக்கியமான ஒன்று, முடிவில் வேண்டிய பலத்துக்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்காதீர்கள். 40 பவுண்டு என்பது பதினெட்டு கிலோ. இருபது அங்குலத்திலேயே தராசு பதினெட்டைக் காட்டினால் அங்கேயே நிறுத்திச் சுரண்டுங்கள், இருபத்தெட்டு வரை இழுத்துப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டால் வயிறு நசுங்கி நுனி உங்கள் பக்கம் சாய்ந்தபடியே நின்றுவிடும். 40 என்று குறிவைத்துத் தொடங்கி 32-ல் முடிவது முதல் வில்லில் சாதாரணம். அந்த 32 பவுண்டு வில்லில் பழகுவது தோளுக்கும் நல்லது.

நாணுக்கு டாக்ரான் நூல் வாங்குங்கள், கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அது நுனியைக் காப்பாற்றும். நீளாத நவீன நூல்கள் நுனியில் கூடுதல் கட்டை ஒட்டிப் பலப்படுத்திய வில்லுக்குத்தான். பூட்டிய நிலையில் நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே ஆறரை ஏழு அங்குலம் இருக்கட்டும். அம்பு குறைந்தது 26 கிராம் எடை, அதைவிட லேசான அம்பு வில்லை வருத்தும். முழு இழுப்பில் இந்த வில்லில் சேர்ந்திருக்கும் ஆற்றல் நாலரை கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருவதற்குச் சமம். அம்பு இல்லாமல் நாணை விட்டால் அவ்வளவும் வில்லுக்குள்ளேயே அடிக்கும், என் உடைந்த ஏழில் இரண்டு பார்க்க வந்தவர்கள் சும்மா இழுத்து விட்டதில் போனவை. யாரிடமாவது கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டே கொடுங்கள். மேல்பூச்சு பாலியூரித்தேனோ லேக்கரோ எது போட்டாலும் சரி, மழைக்கால ஈரம் மெதுவாக ஏறும்படி செய்தால் போதும், மூன்று பூச்சு போடுங்கள்.

இந்த வாரம் மூங்கிலும் மரமும் வாங்கி எடை போடத் தொடங்கிவிடுங்கள், காய்வதற்கே மூன்று வாரம் போகும். சுவரில் மாட்டி இழுக்கும் கட்டம் வந்ததும் நாண் பூட்டிய நிலை, இருபது அங்குலம், இருபத்து நாலு அங்குலம் என்று மூன்று படம், நேர் முன்னால் நின்று எடுத்து இங்கே போடுங்கள், லிம்ப்பில் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் காலிப்பரில் எடுத்த கனமும் கூடவே வேண்டும். எந்த இடத்தில் சுரண்டலாம், எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று பார்த்துச் சொல்கிறேன்.